பீடோங்கை மெஷின் கூப்பிட்டது

புதன், 12 ஆகஸ்டு 1987

சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

எங்கள் உதிரிபாகக் கடையின் சுங்கைப் பட்டாணித் தலைமையகக் கம்ப்யூட்டரையும் பீடோங் கிளைக் கம்ப்யூட்டரையும் போன் லைனில் இணைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். இன்றும் ஓடாவிட்டால், இதற்காக வாங்கிய மோடத்தைத் திருப்பி அனுப்பிவிடுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார்.

பாஸ்வேர்டை யாரும் திருடலாம். அதனால் பீடோங் அழைத்ததும் எங்கள் மெஷின் லைனைத் துண்டித்துவிட்டு, தானே பீடோங் எண்ணைத் திருப்பிக் கூப்பிடும்படி எழுதியிருந்தேன். வேறு இடத்திலிருந்து யாரும் நுழைய முடியாது.

ஆனால் கூப்பிடும்போதெல்லாம் பீடோங் எண் 'எங்கேஜ்'. மேனேஜர் மோடத்தின் காலிப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பீடோங்கில் இருக்கும் யூசுப் அண்ணன் மறுபடியும், தனி லைனில் இருக்கும் என் மேசை போனில் வந்தார்.

"மேரி, இப்பவும் கட்டாயிருச்சு லா! கட்டானா ஒடனே ஒனக்குச் சொல்லணும்ல?"

சட்டென்று உறைத்தது.

"அண்ணே, அங்க எத்தன போன் இருக்கு?"

"ஒண்ணுதான்."

"அதுலதானே எங்கிட்டப் பேசுறீங்க? மெஷின் எப்படிண்ணே உங்களக் கூப்பிடும்?"

யூசுப் அண்ணன் வெடித்துச் சிரித்தார். "அடடா! வச்சுர்றேன்மா."

அடுத்த முறை மெஷின் கூப்பிட்டது. பீடோங்கின் சரக்குப் பட்டியல் வரிவரியாகத் திரையில் இறங்கியது. மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். பாதிப் பட்டியலில் திரை அப்படியே நின்றுவிட்டது. மேசை போன் அடித்தது.

"மேரி! வந்துருச்சு லா, வந்துருச்சு!" அதைச் சொல்லத்தான் அந்த ஒரே போனை எடுத்து லைனைத் துண்டித்திருக்கிறார்!

மேனேஜர் சிரித்துக்கொண்டே காலிப் பெட்டியைக் காலால் தள்ளிவிட்டு, யூசுப் அண்ணனுக்கு இன்னொரு போன் லைன் வாங்கச் சொன்னார்.