அம்மாவின் மாத்திரைப் பட்டியல்

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்றுதான் எழுத வேண்டும். போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் கடிதம். கையெழுத்து புரியாவிட்டால் அங்கே ஏதாவது மருந்துக்கடையில் கொடுத்துப் படிக்கச் சொல்.

படிப்புப் பயணம் போய் முழுசாக மூன்று வாரம் ஆகவில்லை, அதற்குள் எனக்கே பாடம் எடுக்கிறாய். அங்கே மருந்துக்கடைக்காரர்கள் ஒவ்வொருவரையும் தனி அறையில் உட்கார வைத்துப் பத்து நிமிடம் பேசுகிறார்களாம். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்காமல் ஓர் அட்டைகூடக் கொடுக்க மாட்டார்களாம். நம் கடையில் அப்படிக் கேட்கிறீர்களா என்று ஒரு கேள்வி வேறு. இருபத்தாறு வருஷமாக நான் அங்கே நின்று பலூனா விற்கிறேன்? சர்க்கரை உள்ளவர் இருமல் மருந்து கேட்டால் இனிப்பில்லாததைத் தேடி எடுத்துக் கொடுப்பவன் நான். பக்கத்துத் தையல்காரர் டாக்டரிடம் போவதற்கு முன் என்னிடம்தான் வருகிறார். நாற்காலி போட நம் கடையில் இடம் எங்கே இருக்கிறது, ஃப்ரிட்ஜைத் தூக்கித் தெருவில் வைக்கட்டுமா?

அதோடு விட்டாயா. வகுப்பில் காட்ட வேண்டுமாம், அம்மா சாப்பிடும் மாத்திரைகளை, கம்பெனி வைத்த பெயரில் இல்லாமல், உள்ளே இருக்கும் மருந்தின் பெயரில் எழுதி அனுப்ப வேண்டுமாம். என் வீட்டையே சோதனை போடுகிறாய். சரி, எழுதுகிறேன், நன்றாகக் காட்டு.

காலையில், பிரஷருக்குப் பழைய டாக்டர் கொடுத்தது: அம்லோடிபின்.
இரவு, சர்க்கரைக்கு: மெட்ஃபார்மின்.
இரவு, போன மாதம் ஹார்ட் டாக்டர் புதிதாக எழுதிய, இரண்டு மருந்து சேர்ந்த மாத்திரை: டெல்மிசார்டன், அம்லோடிபின்.

நான்கு நாள் கழித்து மீண்டும் எழுதுகிறேன். அந்த வரியோடு கை நின்றுவிட்டது. ஒரே மருந்தை இரண்டு பெயரில், காலையில் ஒன்றும் இரவில் ஒன்றுமாக, ஒரு மாதமாக நானே கடையிலிருந்து எடுத்து வந்து கொடுத்திருக்கிறேன். அம்லோடிபின் அதிகமானால் கால் வீங்கும் என்பது எனக்குத் தெரியாததா? கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை என்று அவள் சொன்னபோதெல்லாம், அடுப்படியில் ஏன் நிற்கிறாய் என்று அவளைத்தான் திட்டினேன்.

உடனே ஹார்ட் டாக்டருக்குப் போன் செய்தேன். பழைய மாத்திரையை நிறுத்தச் சொன்னார். முந்தைய சீட்டை ஏன் காட்டவில்லை என்று கேட்டார். நீங்கள் ஏன் கேட்கவில்லை என்று நானும் விடாமல் கேட்டேன். கேட்டுவிட்டு எனக்கே வெட்கமாக இருந்தது.

அம்மாவிடம் சொன்னேன். அவள் கோபப்படவே இல்லை, அதுதான் எனக்கு ஆத்திரம்.

"கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் கேக்குறீங்க. எங்கிட்ட என்னைக்காவது கேட்டிருக்கீங்களா?" என்றாள். அவ்வளவுதான்.

இன்று காலை செருப்பு மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய் வந்தாள்.

உன்மேல் கோபம் இன்னும் போகவில்லை. இங்கே இருந்தபோதே இதைக் கேட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா? பட்டியலில் ஓர் எழுத்தையும் அடிக்காமல் வகுப்பில் காட்டு. இரண்டையும் கொடுத்தது யார் என்று கேட்டால், அப்பா என்று சொல்லாதே, மருந்துக்கடைக்காரர் என்று சொல். அவர்கள் கேட்கும் கேள்விகளை வரிசையாக எழுதிச் சீக்கிரம் அனுப்பு.

வேளைக்குச் சாப்பிடு. கற்க வேண்டியதை ஒன்று விடாமல் கற்றுக்கொண்டு நல்லபடியாக வந்து சேர். ஃப்ரிட்ஜை நகர்த்தி ஒரு நாற்காலி போட்டுவிட்டேன். அதில் முதலில் உட்காரப் போவது உன் அம்மா.

உன் அப்பா