முள் அடைத்த கிணறு

ஸ்ரீவில்லிபுத்தூர்
22 ஜனவரி 1900

அன்புள்ள அப்பாவுக்கு வடிவு எழுதுவது.

நான் உயிரோடு இருக்கிறேன். சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். பொய் எழுதக் கூடாதென்று இங்கே வாரத்துக்கு மூன்று தடவை சொல்லித் தருகிறார்கள். ராஜபாளையத்துக்கும் இந்தப் பள்ளி விடுதிக்கும் ஏழு மைல். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு வண்டி பூட்டினால் மதியச் சாப்பாட்டுக்குள் வந்துவிடலாம். மூன்று ஞாயிறாக வாசல் மணி அடிக்கும்போதெல்லாம் எழுந்து போய்ப் பார்த்தேன். ஏழு மைலுக்குத் தபால்தலை ஒட்டுகிற குடும்பம் இந்த ஜில்லாவிலேயே நம்முடையதுதான்.

தம்பி சாலமோன் நம் கிணற்றில் மூழ்கிப் போய் நாளையோடு நாலு மாதம். எட்டு வயதுப் பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டு பதினைந்து வயதுக்காரியைக் கர்த்தர் ஏன் விட்டுவைத்தார் என்று வேதபாட டீச்சரம்மாவிடம் கேட்டேன். கர்த்தர் தம் தோட்டத்துக்கு ஒரு பூவைப் பறித்துக்கொண்டார் என்றார்கள். அவர் தோட்டத்தில் பூவா இல்லை, எங்கள் வீட்டில் ஒன்றுதானே இருந்தது என்றேன். அன்று சாயங்காலம் வரை வராந்தாவில் முழங்கால் போட்டேன்.

காலையில் மணி, கஞ்சி, பாடம், தையல், ஜெபம், படுக்கை. மறுநாளும் அதே மணி. இதெல்லாம் எதற்கு அப்பா? வீம்புக்குக் கேட்கவில்லை. ஜன்னலைத் திறந்தால் பெரிய கோயில் கோபுரம் தெரிகிறது. அத்தனை உயரத்துக்குக் கட்டினவர்களுக்காவது தெரிந்திருக்குமா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். கஞ்சி தொண்டையில் இறங்குவதில்லை.

என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான் இங்கே கொண்டுவந்து விட்டீர்கள். அதை வாய்விட்டே சொல்லியிருக்கலாம். அம்மா என்னைக் கேட்டாளா என்று கேட்க மாட்டேன். வீட்டில் இருந்தபோதே அவள் என்னோடு பேசவில்லை.

உங்கள் மகள்
ஞானவடிவு


ராஜபாளையம்
29 ஜனவரி 1900

என் கண்ணான வடிவுக்கு அப்பா வேதமாணிக்கத்தின் ஆசீர்வாதம்.

உன் கடிதம் கிடைத்தது. வராததற்குக் காரணம் கேட்டால், போன ஞாயிறு வண்டி அச்சு முறிந்துவிட்டது. அதற்கு முந்தின ஞாயிறு காய்ச்சல். அதற்கும் முந்தினதற்கு என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

செவலைப் பசு கிடாரி போட்டிருக்கிறது. நெற்றியில் வெள்ளை. பக்கத்துத் தோட்டத்து ராஜுக்கள் வீட்டம்மாள் சீம்பால் வாங்க வந்து, உன் அம்மாவைப் பார்த்து 'அய்யோ பாபம்' என்று தெலுங்கில் அழுதுவிட்டுச் சொம்பை மறந்துவிட்டுப் போனார்கள். உன் அம்மா செல்லத்தாய் ஞாயிறு ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். சமைக்கிறாள், போடுகிறாள், போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள்.

கிணற்றைச் சுற்றி உடைமுள் வெட்டிப்போட்டு அடைத்துவிட்டேன். தண்ணீர் இறைக்கிற கமலை மாடுகள் சும்மா நின்று கொழுக்கின்றன. மிளகாய்ச் செடி வாடுகிறது. கமலை ஓட்டுகிற ராக்கப்பன் தினமும் வந்து, "ஐயா, செத்த நேரம் எறச்சுப்பிட்டு மறுபடி முள்ளை வச்சிருவோம்" என்று கெஞ்சுகிறான். வாடினால் வாடட்டும் என்று சொல்லிவிட்டேன்.

டீச்சரம்மாவிடம் நீ கேட்டதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து அது நின்றுவிட்டது. மகளே, தம்பி தானே நீச்சலுக்குக் கட்டுகிற சுரைக்குடுக்கையைத் தப்பாகக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டான். தேவசித்தம். அதற்கு நீ என்ன செய்வாய்? அந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடு. கஞ்சியைக் குடி.

அன்புள்ள அப்பா


ஸ்ரீவில்லிபுத்தூர்
3 பிப்ரவரி 1900

அப்பாவுக்கு,

தேவசித்தம் இல்லை. அவர் தலையில் போடாதீர்கள்.

தம்பி தானே கட்டிக்கொண்டான் என்று உங்களிடம் சொன்னது நான். அது பொய். நான்தான் கட்டினேன்.

சுரைக்குடுக்கையை முதுகில், தோள்பட்டைக்குச் சரியாக வைத்து, கயிற்றை இரண்டு அக்குளுக்கும் கீழே கொடுத்து இறுக்க வேண்டும். அப்போதுதான் தலை மேலே நிற்கும். நம் தெருவில் நீச்சல் பழகுகிற எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான் கட்டுவார்கள். அவனுக்கும் ஒரு வாரமாக அப்படித்தான் கட்டினேன். அன்றைக்கு அவனுக்கு அக்குளில் கயிறு உரசிப் புண்ணாகியிருந்தது. எரியுது எரியுது என்று சிணுங்கினான். அந்த நேரம் பார்த்துத் தெருவில் வளையல்காரர் கூவுகிற சத்தம் கேட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. சரி, இன்றைக்கு ஒருநாள் என்று சொல்லி இடுப்போடு கட்டிவிட்டேன். முதல் படியிலேயே காலை நனைத்துக்கொண்டு உட்காரடா, வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு ஓடினேன். அவன் உட்காருகிற பிள்ளையா?

கையில் எட்டு வளையலோடு திரும்பி வந்தேன். குடுக்கை அவன் இடுப்பைத் தூக்கி வைத்திருந்தது. தலை கீழே இருந்தது. நீந்தத் தெரிந்தும் நான் இறங்கவில்லை, கத்தினேன். அதற்குப் பிறகுதான் நீங்கள் எல்லாரும் ஓடி வந்தீர்கள்.

வளையலை அன்றைக்கே உடைத்துவிட்டேன். பொய்யை மட்டும் உடைக்காமல் வைத்திருந்தேன். இனி நீங்கள் எழுதாவிட்டாலும் ஏன் என்று கேட்க மாட்டேன்.

ஞானவடிவு


ஸ்ரீவில்லிபுத்தூர்
17 மார்ச் 1900

அப்பாவுக்கு,

ஆறு வாரம் ஆகிறது. ஏன் எழுதவில்லை என்று கேட்க மாட்டேன் என்று சொன்னேன், கேட்கவும் இல்லை. ஆனால் ஒரு விஷயம் நடந்திருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு உங்களை விட்டால் ஆளில்லை.

விடுதிக்குப் பின்னால் படிக்கிணறு இருக்கிறது. எல்லாரும் அதில்தான் குளிக்கிறோம். நான் கடைசிப் படியில் ஒதுங்கி உட்கார்ந்து சொம்பால் ஊற்றிக்கொண்டு எழுந்துவிடுவேன். கான்சாபுரத்திலிருந்து வந்த பெத்தம்மாள் என்ற சின்னப் பெண்ணும் அப்படியே. ஒருநாள் அவள் என் பக்கத்தில் நகர்ந்து வந்து, "அக்கா, உள்ள போனா திரும்பி வர முடியுமா?" என்று கேட்டாள். முடியும் என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று கேட்டாள். எழுந்து இறங்கினேன். கழுத்தளவு வந்ததும் கையை வீசினேன். நீந்திப் போய் எதிர்ச்சுவரைத் தொட்டுத் திரும்பி வந்தேன். படியில் உட்கார்ந்து அழுதேன். அவள் தன் துண்டால் என் தலையைத் துவட்டிவிட்டாள்.

விடுதி மேட்ரன் அம்மாவிடம் போய் எல்லாருக்கும் நீச்சல் கற்றுக்கொடுக்கிறேன் என்றேன். கூடாது என்றார்கள். உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றார்கள். அப்படியானால் நாளைக்கு ஒருத்தி வழுக்கி விழுந்தால் யார் இறங்குவது என்று கேட்டேன். மூன்று நாள் யோசித்துவிட்டுச் சனிக்கிழமை மட்டும் என்று அனுமதி கொடுத்தார்கள். இப்போது அவர்களே மேல்படியில் குடை பிடித்து உட்கார்ந்து தலைகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

குடுக்கையை நான்தான் கட்டுகிறேன். அக்குளில் பழந்துணி சுற்றி, அதன் மேல் கயிறு. மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். கொஞ்சம் நெகிழ்ந்தாலும் அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டுவேன். எல்லாருக்கும் கட்டி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடுகிறது என்று முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும்.

இன்றைக்குப் பதினொரு பேர் குடுக்கை இல்லாமல் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போனார்கள். பெத்தம்மாள் முதலில் போய்த் தொட்டாள். அவர்கள் போட்ட கூச்சலில் கிணற்றுப் புறாக்கள் எல்லாம் பறந்துவிட்டன. நானும் கூச்சல் போட்டேன். ஆறு மாதத்தில் முதல் தடவை.

இதெல்லாம் எதற்கு என்று கேட்டேனே, அதற்குப் பதில் இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை வந்தால் நாளைக்குச் சனிக்கிழமை என்று நினைப்பு வருகிறது. கஞ்சியும் இறங்குகிறது.

ஞானவடிவு


ராஜபாளையம்
25 மார்ச் 1900

வடிவு,

ஐந்து வாரம் உன்மேல் கோபமாக இருந்தேன். நீ பொய்யை உடைத்துவிட்டாய். நானும் மறைக்க மாட்டேன். உன் கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டாமல் பெட்டிக்கு அடியில் போட்டு வைத்திருந்தேன். அடுத்த கடிதம் வந்த அன்று, வடிவு என்ன எழுதியிருக்கா என்று அவளாகவே வந்து கேட்டாள். இரண்டையும் படித்தேன்.

முந்தின கடிதத்தைப் பாதி படிக்கும்போதே நிறுத்தச் சொன்னாள். "எனக்கு அன்னைக்கே தெரியும். பிள்ளையக் குளிப்பாட்டும்போது கயித்தை அவுத்தது நாந்தான். அவன் முதுகுல அவனே எப்படி முடிச்சுப் போடுவான்? அது வடிவு போடுற ரெட்டை முடிச்சு" என்றாள். அப்புறம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "உங்க கோவத்துக்குப் பயந்துதான். அவகிட்டப் பேச்சுக் குடுத்தா என் வாயில அது வந்துரும்னுதான் பேசாம இருந்தேன். ஒண்ணு போச்சு. இன்னொண்ணையும் நான் எதுக்கு விடணும்?" என்றாள். ஆறு மாதம் அவள் சுவரைப் பார்த்துப் படுத்தது உன்மேல் வெறுப்பில் இல்லை, மகளே. உன்னைக் காத்துக்கொண்டு படுத்திருந்தாள்.

என்னுடையதையும் கேட்டுக்கொள். அன்றைக்கு நீ கத்தினதும் முதலில் ஓடி வந்தவன் நான். கிணற்று விளிம்பில் வந்து நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். ராக்கப்பன் மேய்த்துக்கொண்டிருந்த மாட்டை விட்டுவிட்டு ஓடி வந்து, என்னைத் தள்ளிவிட்டுக் குதித்தான். எனக்கு நீச்சல் தெரியாது வடிவு. இந்தக் கிணற்றை வெட்டினவரின் மகனான எனக்குத் தண்ணீர் என்றால் பயம் என்பதை இத்தனை வருஷமாக யாருக்கும் காட்டாமல் இருந்துவிட்டேன். நான் நின்றதை நீ பார்த்தாய். அந்தக் கண்ணுக்கு முன்னால் என்னால் நடமாட முடியவில்லை. படிப்பு என்று பேர் சொல்லி உன்னைக் கொண்டுபோய் விட்டது அதனால்தான். ஏழு மைல் வராததும் அதனால்தான்.

மே மாத லீவுக்கு வா. தெருப் பிள்ளைகளைக் கிணற்றுப் பக்கம் விடாமல் வீட்டுக்குள் போட்டுப் பூட்டிவைத்திருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் கற்றுக்கொடு. அதற்கு முன்னால் எனக்கு.

அப்பா


ஸ்ரீவில்லிபுத்தூர்
29 மார்ச் 1900

என் அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

கோபமாக இருந்தேன் என்று எழுதினீர்களே, அந்த வரியை நாலு தடவை படித்தேன். அது இருந்ததால்தான் மீதியை நம்ப முடிந்தது. அம்மா சொன்னதைப் படித்துவிட்டு நானும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். மேட்ரன் அம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்கள்.

முள்ளை நான் வருவதற்குள் எடுத்துவிடுங்கள். நன்றாகக் காய்ந்த போன வருஷத்துக் குடுக்கையாகப் பார்த்து வாங்குங்கள். காம்பு ஓட்டையை மெழுகால் அடைத்து, பானைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். உங்கள் உடம்புக்குக் குறைந்தது நாலு குடுக்கை வேண்டும். நீங்கள் அழுதாலும் முதல் நாளே தண்ணீரில் இறக்குவேன்.

வடிவு


ராஜபாளையம்
9 ஜூலை 1900

என் மகள் ஞானவடிவுக்கு,

நீ பள்ளிக்குத் திரும்பின பிறகும் ஒருநாள் விடாமல் பழகினேன். நேற்று ஆராதனை முடிந்து வந்து, குடுக்கையை அவிழ்த்துப் படியில் வைத்துவிட்டு, கமலைப் பக்கமிருந்து படிப்பக்கம் வரை நீந்தினேன். நடுவில் ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். அதை ராக்கப்பன் இரண்டு வாய் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். நீ பழக்கிவிட்டுப் போன ஒன்பது பிள்ளைகளும் சுற்றி நின்று கை தட்டினார்கள். நாற்பத்திமூன்று வயதில் வெட்கமில்லாமல் சிரித்தேன். மேற்கே சாரல் விழுந்து கிணற்றில் நாலு படி தண்ணீர் ஏறியிருக்கிறது. மிளகாய் மறுபடி நட்டாயிற்று.

உன் அம்மா வந்திருந்தாள். மே மாதம் முழுக்க உன்னோடு ஓயாமல் பேசினாளே தவிர, கிணற்று மேட்டுக்கு வரவே இல்லையே. நேற்று வந்தாள். ஒவ்வொரு படியாக இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் அளைந்துகொண்டே இருந்தாள். நானும் பழகணும் என்றாள். நான் குடுக்கையை எடுத்துக்கொண்டு கிட்டே போனேன். என் கையைத் தட்டிவிட்டாள்.

"வடிவு வரட்டும். அவ கட்டுனாத்தான் எறங்குவேன்" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை காலையில் வண்டியோடு விடுதி வாசலில் நிற்பேன்.

அப்பா