தழும்பைக் குறை என்று எழுதிய கை

அன்புள்ள அக்கா,

இன்று காலை பூனைக்கு ஊசி போட சமயநல்லூர் கால்நடை மருத்துவமனைக்குப் போயிருந்தேன். பக்கத்தில் ஒருவர் தன் நாயின் காயத்தில் வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் பூசியிருந்தார். அந்த வாடை என்னை அப்படியே நிறுத்திவிட்டது. உங்கள் நாய் சிட்டுவின் தோளில் நீங்கள் பூசியதும் அதுதானே.

வாடிப்பட்டியில் உங்கள் கடலைக்காட்டுக்குள் காட்டுப்பன்றி புகுந்த கதையை மறுநாள் நீங்கள் சொல்லித்தான் கேட்டேன். பன்றி உங்கள்மீது திரும்பியதும் சிட்டு குறுக்கே பாய்ந்ததாம். கோரைப்பல் தோளைக் கிழித்த பிறகும் விலகவில்லையாம். நீங்கள் வரப்பேறும்வரை அங்கேயே நின்றிருக்கிறது. பதினொரு தையல் போட்டார்கள்.

அந்த நாயைத்தான் மதுரை நாய்க் கண்காட்சிக்குக் கொண்டுவரச் சொன்னேன். வேலைநாய்களுக்குத் தனிப் பிரிவு உண்டு, சிப்பிப்பாறை வேட்டைநாய்க்கு நல்ல மதிப்பு என்று ஆசை காட்டியதும் நான்தான். நடுவர் சொல்வதைத் தாளில் எழுதுவது அங்கே என் வேலை. சிட்டு ஒரு சுற்று நடந்தது. தோளில் தழும்பு, நடையில் பிசகு, கடைசி இடம் என்றார் நடுவர். எழுதினேன். முதல் பரிசு வாங்கியது செல்லூரில் ஒரு மாடிவீட்டில் வளர்ந்த நாய். அழகான நாய், அதில் பொய்யில்லை. ஆனால் மைக் சத்தத்துக்கே வளர்த்தவரின் காலுக்குள் ஒடுங்கியது.

நீங்கள் சண்டைக்குப் போகவில்லை. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு வந்து, அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று கேட்கக்கூட மாட்டீர்களா என்றீர்கள். உடலமைப்பைத்தான் பார்க்க முடியும், வேலையை இந்த மைதானத்துக்குள் எப்படிப் பார்ப்பது என்றார் நடுவர்.

"அப்ப வேலைநாய்னு எதுக்குய்யா போர்டு வச்சிருக்கீக?"

அவர் அடுத்த நாயைக் கூப்பிட்டார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். உங்களைத் தவிர, அந்தத் தழும்பு வந்த விதம் தெரிந்த ஒரே ஆள் அங்கே நான். குனிந்து அடுத்த நாயின் எண்ணை எழுதினேன்.

திரும்பும்போது வண்டியில் சிட்டுவின் தோளைத் தடவிக்கொண்டே வந்தீர்கள். பிறகு, "ஒன்னைய வையலப்பா. ஆனா நீ தெரிஞ்சே எழுதுன" என்றீர்கள்.

நீங்கள் இறந்துபோய் ஒரு வருஷம் ஆகிறது. இந்த முறை கண்காட்சிக் குழு கூடியபோது எழுந்து நின்றேன். வேலையில் பட்ட காயத்தைக் குறையாகக் கணக்கிடக் கூடாது, வேலைநாய்ப் பிரிவில் வருபவற்றைத் திறந்தவெளியில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும் என்றேன். ஒரு நாய்க்காக விதியை மாற்றுவதா என்று தலைவர் கேட்டார்.

"நாய்க்காக இல்லண்ணே. வேலையைப் பாக்காம வேலைநாய்னு போர்டு வைக்க வேணாம்."

மறுத்துவிட்டார்கள். பேனாவை மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். எனக்குத் திமிர் என்று பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை சமயநல்லூர்த் தரிசில் நானும் நாய் வளர்க்கும் சிலரும் சேர்ந்து நாய்களை ஓடவிட்டோம். மூன்று நாய்கள்தான் வந்தன. கோப்பையும் இல்லை, மைக்கும் இல்லை. உங்கள் மகள் சிட்டுவைக் கூட்டிவந்திருந்தாள். வயதாகிவிட்டதக்கா, ஓட்டத்தில் அது கடைசி. அதை அப்படியே எழுதினேன். அதற்குக் கீழே, அந்தத் தோள் யாருக்காகக் கிழிந்தது என்பதையும் எழுதினேன்.

அன்று குனிந்ததற்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்க இனி வழியில்லை. அந்தக் குற்றவுணர்வை இறக்கிவைக்கவும் எனக்கு மனமில்லை. அது உள்ளே உறுத்திக்கொண்டிருக்கும்வரை, எந்த நடுவர் சொன்னாலும் தெரிந்தே ஒரு வரி தவறாக எழுதமாட்டேன்.