தீரி நீட்டிய மனு

மார்ச் 14, வெள்ளி. சான் ஹோசே.

என் டீமில் இருக்கும் தீரி பர்மாக்காரி. போன வாரம் அவள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் மேல் அந்நாட்டு ராணுவமே குண்டு போட்டது. அதில் அவளுடைய அக்கா மகள் இறந்துவிட்டாள். அமெரிக்கா தட்டிக்கேட்க வேண்டும் என்று செனட்டருக்கு ஒரு மனு எழுதி, இன்று காலை என்னிடம் நீட்டினாள். முதலில் எனக்கு கிரீன் கார்டு வரட்டும், அதுவரை வம்பு வேண்டாம் என்று சொல்லி, கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தேன்.

வீட்டில் சொன்னதும் என் மனைவி வித்யா கேட்டாள்: "ஈழத்துல சண்டை நடந்தப்ப, உலகமே வேடிக்கை பாக்குதுன்னு காலேஜ் வாசல்ல உண்ணாவிரதம் இருந்தவர்தானே நீங்க?"

தீரிக்கு போன் செய்து, கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். மனுவை மாலையே அனுப்பிவிட்டாளாம். "பரவாயில்லை, அடுத்த மனுவுக்குக் கேட்கிறேன்" என்றாள்.

அடுத்த மனுவுக்கு முன்னால் இன்னொரு பள்ளிக்கூடத்தின் மேல் குண்டு விழுந்திருக்கும்.