நாலு பேருக்கு என்று வாங்கிய ரிசீவர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் என் முழங்காலும் சுகம், அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து நன்றாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைதானே பேசினோம், அதற்குள் என்ன கடிதம் என்று உறையைப் பார்த்ததும் பதறாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனை எடுத்தால் என் குரல் தானாகவே கலகலப்பாகிவிடுகிறது, சொல்ல வந்ததை விட்டுவிட்டு மற்றதெல்லாம் பேசி வைத்துவிடுகிறேன், அதனால்தான் பேனாவை எடுத்தேன். மாதக் கடைசிக்குள் ஆபீஸில் இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும், போடட்டுமா அம்மா என்று கேட்டாய். போடு, எனக்கென்ன குறை, மாடி வீட்டுக்காரர்கள் சாயங்காலமானால் நம் கூடத்தில்தான் இருக்கிறார்கள் என்று சொன்னேன். அந்தப் பேச்சைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஆனால் நான் ரிசீவர் வாங்கிய கதையைச் சொல்லாமல் அதைச் சொல்ல எனக்கு வரவில்லை, கொஞ்சம் பொறுத்துக்கொள்.

அப்பாவின் ரேடியோ போன மாதம் ஒரேயடியாக வாயை மூடிக்கொண்டது. உன் அறையில் துணி போர்த்தி நிற்கின்றனவே இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள், முதல் சம்பளத்தில் வாங்கி, கிளம்பும்போது ஆம்ப்ளிஃபயரை மட்டும் தோழிக்குக் கொடுத்துவிட்டு இவற்றைத் தூக்க ஆளில்லை என்று விட்டுப் போனாயே, அவற்றைப் பேச வைக்கலாம் என்று தோன்றியது. அதற்கு ரிசீவர் என்று ஒன்று வேண்டும், அதிலேயே ரேடியோவும் வரும், போனில் இருக்கும் பாட்டும் வரும் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரியில் காது பரிசோதிக்கும் அறையில் உட்கார்ந்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்குங்கள் என்று ஊரார் காதையெல்லாம் அளந்தவளுக்கு ஒரு பெட்டி வாங்கத் தெரியாதா என்ற மிதப்பில் தனியாகவே கடைக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் கடைக்காரர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, சார் வரலீங்களா என்றார். சார் வரமாட்டார், எங்கிட்டயே சொல்லுங்க என்றேன். அவ்வளவுதான், மனுஷன் ஆரம்பித்துவிட்டார், சேனல் என்கிறார், வாட்ஸ் என்கிறார், ஓம்ஸ் என்கிறார், நானும் எல்லாம் தெரிந்தவள் மாதிரி தலையாட்டிக்கொண்டு நின்றேன். கடைசியில் ஒரு கேள்வி கேட்டார், ஒழுங்கான கேள்விதான். வீட்ல எத்தன பேரு உக்காந்து கேப்பீங்க, ஒருத்தர்னா இந்தச் சின்னதே தாராளம், ரெண்டு ஸ்பீக்கருக்கு இதுக்கு மேல எதுக்கு, குடும்பமா உக்காருவீங்கன்னா அந்தப் பெருசுதான் சரிப்படும் என்றார். ஒருத்திதான் என்று சொல்ல வேண்டியதுதானே, நாக்கு எழவில்லை. நாலு பேர் என்று சொல்லிவிட்டேன். சொன்ன அந்த நிமிஷம் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா. ஏழு ஸ்பீக்கர் மாட்டக்கூடிய, சூட்கேஸ் கனத்தில் ஒன்றை அவர் என் தலையில் கட்டினார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, தலையை நீட்டியது நான்தான்.

மறுநாள் மாட்டிக் கொடுக்க மெக்கானிக் வந்தார், ஐம்பது வயதிருக்கும், வாய் ஓயாத மனுஷர், பேச்சு நீளட்டும் என்று இரண்டு தரம் டீ போட்டேன். ரெண்டே ரெண்டு ஸ்பீக்கருக்கா இவ்ளோ பெரிய மிஷினு என்று சிரித்துவிட்டு, டப்பாவுக்குள்ளிருந்து ஒரு குட்டி மைக்கை எடுத்தார். இந்த ரிசீவர் அறையை அளக்குமாம். ஆள் உட்காரும் இடத்தில் காது உயரத்துக்கு மைக்கை வைத்தால், ஸ்பீக்கர் வழியாகத் தானே விர்ரென்று ஒரு ஓசையை விட்டு, அது எப்படி வந்து சேருகிறது என்று கேட்டு, அதற்கேற்ப எல்லாவற்றையும் சரிசெய்துகொள்ளுமாம். நான் பார்த்த வேலைதான், கையைத் தூக்கச் சொல்வதில்லை, அதுதான் வித்தியாசம். எத்தனை பேர் உண்டோ அத்தனை இடத்திலும் வைக்க வேண்டும், யாரு யாரு எங்க உக்காருவீங்க என்று கேட்டார். காட்டினேன் பாப்பா. அப்பாவின் சாய்வு நாற்காலி, ஜன்னலோரம் நீ காலை மடக்கி உட்காரும் சோபா மூலை, மாடி வீட்டு அம்மாவின் பிரம்பு நாற்காலி, கடைசியில் என்னுடையது. ஃபேனை நிறுத்தி, ஃப்ரிட்ஜை நிறுத்தி, நாங்கள் இருவரும் சமையலறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நாலு இடமும் தடங்கலில்லாமல் முடிந்தது. அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. மத்த வீட்ல சத்தம் ஜாஸ்தி, திரும்ப அளங்கன்னு இது நாலு வாட்டியாவது திட்டும்மா, ஒரு கொழந்த ஓடும், மேல யாராச்சும் கட்டில இழுப்பாங்க, உங்க வீட்ல ஒரே தடவையில ஓகேன்னுடுச்சு, இவ்ளோ அமைதியான வீட்ட நான் பாத்ததேயில்ல, குடுத்து வெச்சவங்க நீங்க என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுப்பைத் துடைக்கிற மாதிரி திரும்பி நின்றுகொண்டேன். அந்தக் கலவரத்தில் ஃப்ரிட்ஜை மறுபடி போட மறந்து பால் வேறு கெட்டுப்போனது.

அவர் போனபின் பாட்டுப் போட்டால் என் நாற்காலிக்கு அது என்னவோ ஒட்டாமல் வருகிறது. போன் செய்து கேட்டேன். நாலு பேருக்கும் பொதுவா வெச்சிருக்குல்லம்மா, ஒருத்தர் மட்டும் கேக்கறப்ப அந்த ஒரு எடத்துல அளந்துக்கங்க, அருமையா அமையும் என்றார். நானே மைக்கை என் நாற்காலியில் வைத்து அளந்தேன். நீ நம்பமாட்டாய், பாடுகிறவள் எனக்கு நேர் எதிரே வந்து நிற்கிறாள், அவள் மூச்சை இழுப்பதுகூடக் கேட்கிறது. அவ்வளவு நன்றாக இருந்தது. கேட்டியா, எவ்வளவு நல்லா இருக்கு என்று சொல்லத் திரும்பினேன், அந்தப் பக்கம் யாரும் இல்லை. உடனே நிறுத்திவிட்டேன்.

ஒரு வாரத்துக்குள் மாற்றித் தருவதாகக் கடையில் சொல்லியிருந்ததால் இன்று காலை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். ஏன் மேடம், வீட்ல எல்லாரும் என்ன சொன்னாங்க என்று கடைக்காரர் கேட்டார். எல்லாரும்னு யாரும் இல்லீங்க, நான் ஒருத்திதான், அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன், அந்தச் சின்னதையே குடுங்க என்றேன். அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். முன்பின் தெரியாதவரிடம் சொல்ல முடிந்தது பெற்ற பெண்ணிடம் முடியாதா என்று வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். மாடி வீட்டுக்காரர்கள் மாற்றலாகிக் காலி செய்து ஐந்து மாதம் ஆகிறது. நீ கேட்கும்போதெல்லாம் இப்பத்தான் மேலே போனாங்க என்று நான் சொன்னதெல்லாம் பொய். சில நாள் பால்காரரிடம் பேசும் இரண்டு வார்த்தையோடு என் பேச்சு முடிந்துவிடுகிறது. அப்பா போனபோது வந்து ஒரு மாதம் இருந்துவிட்டு, இங்கேயே வேலை தேடிக்கட்டுமா அம்மா என்று நீ கேட்டாய். உளறாதே, கிளம்பு, ஆபீஸ்ல தேடுவாங்க என்று உன்னை விரட்டிவிட்டு, வண்டி தெருமுனை திரும்பியதும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நீ கையெழுத்துப் போட்டாலும் எனக்குக் கோபம் வராது என்று ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன், இதற்கு மேலே தெரியும் கிறுக்கல் அதுதான். வரும். நாலு நாள் பேசமாட்டேன், ஐந்தாம் நாள் நானே கூப்பிடுவேன், உனக்குத் தெரியாததா. உன் வேலை லேசுப்பட்டதல்ல, நீ அதற்குப் பட்ட பாடும் எனக்குத் தெரியும். ஆனால் நான் போடு என்று சொன்னது பொய்யை வைத்துச் சொன்னது, அதை நம்பி நீ மூன்று வருஷத்தை எழுதிக் கொடுத்துவிடக் கூடாது. அந்தச் சொல்லை இதோடு வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இனி எது செய்தாலும் உள்ளதைத் தெரிந்துகொண்டு செய்.

குளிரில் காலுறை இல்லாமல் திரியாதே. கடைவாய்ப் பல்லை இந்த வாரமே டாக்டரிடம் காட்டு, மாத்திரை போட்டு ஏமாற்றிக்கொண்டிருக்காதே. நோய் நொடி இல்லாமல், நினைத்தது கைகூடி, மனசு நிறைந்து நீ இருக்க வேண்டும், என் ஆசி உனக்கு எப்போதும் உண்டு. பிறந்ததிலிருந்து உனக்குச் சாப்பிடு, படி, தூங்கு, போ என்று எத்தனையோ சொல்லியிருக்கிறேன், வா என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. வந்துவிடு பாப்பா.

இப்படிக்கு,
உன் அம்மா