அம்போசெலியில் நீ பார்த்த யானை

மதினி,

இன்று காலை சன்னலைத் திறந்ததும் அந்த வாடை வந்தது. மிதிபட்ட ஏலத்தட்டையும் ஈரச் சாணமும் கலந்த வாடை. சற்று நேரத்தில் வனத்துறைக்காரர்களின் வாட்ஸ்அப் செய்தியும் வந்துவிட்டது. ஓடைக்கு மேலே யானை நிற்கிறது, மஞ்சு விலகும்வரை யாரும் வேலைக்கு இறங்க வேண்டாம் என்று. வாசித்துச் சொல்வதற்காக உன்னைக் கூப்பிட வாயெடுத்துவிட்டேன். பக்கத்து லயத்து வரிசைவீடுகளில், உன் வீட்டில், இப்போது வேறு ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

அண்ணன் போன காலையும் இப்படித்தான் மஞ்சு மூடிக் கிடந்தது. நீங்கள் இருவரும் சாந்தன்பாறைக்குக் கீழே உள்ள ஏலத்தோட்டத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தீர்கள். அவர் முன்னால், நீ சோற்றுப் பாத்திரத்துடன் பத்தடி பின்னால். செடிகள் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்திருந்த வளைவில் இலை முறியும் சத்தம் கேட்டது என்று மட்டும் சொன்னாய். அதற்குமேல் நீயும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. உன் முன்னால் யானை என்ற சொல்லையே எடுக்க மாட்டோம். ‘அது’ என்போம். எதிர்மலையில் அது இறங்கினால் சுற்றுலா ஜீப்புகள் வரிசையாக நிற்கும், பிள்ளைகள் கூச்சலிடும். நீ உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாய். இப்படியே பதினோரு வருடம் போயிற்று.

அப்போதுதான் என் மகன் குமரன் எனக்கும் அவன் அப்பாவுக்கும் டிக்கெட் எடுக்கிறேன் என்று கிளம்பினான். கென்யாவில் கெரிச்சோ என்கிற ஊருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் அவனுக்கு வேலை. இவர் முழங்கால் வலியைக் காரணம் காட்டி வர மாட்டேன் என்றுவிட்டார். ஆகாயத்தில் பெல்ட் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க இவருக்குப் பயம் என்பதுதான் நிஜம். அத்தையைக் கூட்டிக்கொண்டு வா என்று குமரனே சொன்னான். ஏலக்காய் எடுப்பு முடிந்த மாசி மாதம் என்பதால் உனக்கும் லீவு கிடைத்தது.

அவனுக்குக் கிடைத்தது நாலு நாள் விடுப்பு. ஒரே ஒரு பூங்காதான் பார்க்க முடியும், எதுவென்று முடிவு பண்ணுங்கள் என்றான். தினமும் சாயங்காலம் வீடியோவில் வந்து படம் படமாகக் காட்டினான். அவன் ஆசை மசாய் மாராவில் இருந்தது. புல்வெளியில் சிங்கம் குடும்பத்தோடு படுத்திருக்கும், சிறுத்தையும் பார்க்கலாம் என்றான். சிங்கத்தைப் பார்க்காமல் திரும்பி வந்தால் ஊரில் என்ன சொல்வது என்று எனக்கும் இருந்தது. ஆனால் அங்கே யானையும் உண்டு. உனக்குத் தெரியாமல் நான் அவனிடம் தனியாகக் கேட்டேன், யானையே இல்லாத பூங்கா ஒன்று கிடையாதா என்று. நக்குரு ஏரி இருக்கிறது என்றான். காண்டாமிருகம் உண்டு, ரோஜா நிறத்தில் நாரைக் கூட்டம் உண்டு, வேலி போட்ட காடு, யானை மட்டும் இல்லை.

மறுநாள் பெரிய உபகாரம் செய்கிற நினைப்பில் உன்னிடம் வந்து சொன்னேன். நீ துணி மடித்துக்கொண்டிருந்தாய். ஒரு சேலையை முழுக்க மடித்து வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாய். எப்போதும்போல நீயும் என்னை மதினி என்றே கூப்பிட்டுக் கேட்டாய்.

“யான இல்லாத காட்டுக்கு இம்புட்டுத் தூரம் எதுக்கு மதினி?”

நாங்கள் எடுக்காத அந்தச் சொல்லை நீயே எடுத்துவிட்டாய்.

“இங்கன அது நிக்கிறது பக்கத்துல போனாத்தான் தெரியுது. தூரத்துல வச்சு, மறைப்பு இல்லாம, ஒரு தடவ முழுசாப் பாக்கணும் எனக்கு. அப்படி ஒரு எடம் உண்டான்னு மருமகன்ட்ட கேளு.”

உண்டு என்றான் குமரன். அம்போசெலி. நடுவில் வறண்டுபோன ஏரி, மரமே கிடையாது, ஒரு மைலுக்கு அப்பால் வருகிற யானையும் தெரியும். ஆனால் நாட்டின் மறுகோடி, போகவர ரெண்டு நாள் வண்டியிலேயே கழியும். சிங்கத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்றான். மறந்துவிட்டோம்.

கெரிச்சோவின் தேயிலைச் சரிவுகளைப் பார்த்து, நம் பக்கத்துப் பீர்மேட்டுக்கு வருவதற்கா பிளேன் ஏறினோம் என்று நீ சிரித்தாய். மறுநாள் நைரோபி தாண்டி சமவெளி விரிந்தபோது உன் சிரிப்பு நின்றுவிட்டது. நாம் மலைக்காரர்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணை ஒரு சரிவு தடுக்கும். அங்கே தடுக்க எதுவும் இல்லை. இவ்வளவு வானத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

அம்போசெலியில் முதல் விடியல். டிரைவர் கிளிமஞ்சாரோ மலையைப் பாருங்கள் என்றார். நாம் அடிவானத்தில் தேடினோம். அவர் இன்னும் மேலே, இன்னும் மேலே என்று கையை உயர்த்திக்கொண்டே போனார். மேகத்துக்கும் மேலே, வானம் என்று நாம் நினைத்திருந்த இடத்தில், பனிமுடி வெள்ளையாக நின்றது. நீ கையெடுத்துக் கும்பிட்டாய். எனக்குக் கும்பிடக்கூடத் தோன்றவில்லை.

பிறகு தூசி தெரிந்தது. தூசிக்குள் சாம்பல் நிறத்தில் புள்ளிகள். அவை யானைகளாவதற்கு அரை மணி நேரம் ஆயிற்று. நம் ஊரில் அரை நிமிடம்கூடக் கிடைக்காத காட்சியை அங்கே அரை மணி நேரம் கண்கொட்டாமல் பார்த்தோம். மலைநீர் ஊறுகிற சதுப்புக்கு வரிசையாக நடந்து வந்தன. முறம் பத்துச் சேர்த்தாலும் போதாத காதுகள். பெண் யானைகளுக்கும் தந்தம். குட்டிகளை நடுவில் விட்டுப் பெரியவை இருபுறமும் நடந்தன. அத்தனை பாரம் நடந்தும் காலடிச் சத்தமே இல்லை. நாற்பத்து மூன்று வரை எண்ணிவிட்டு நீ எண்ணுவதை நிறுத்தினாய். டிரைவர் எஞ்சினை அணைத்தார். அவற்றின் தடம் நம் வண்டியை ஒட்டியே போனது.

எல்லாம் கடந்துபோன பிறகு, குமரன் தண்ணீர் கொடுத்தான். நீ குடிக்கவில்லை.

“அன்னைக்கு மஞ்சு, மதினி,” என்றாய். “அவருக்கும் அதத் தெரியல, அதுக்கும் அவரத் தெரியல. தெரிஞ்சிருந்தா ரெண்டும் வெலகிப் போயிருக்கும்.”

பதினோரு வருடத்தில் முதல் தடவையாக நீ அழுததைப் பார்த்தேன். குமரன் மறுபக்கம் திரும்பிக்கொண்டான். யானைகள் அதற்குள் சதுப்பில் வயிறு வரை இறங்கிப் புல் பறித்துக்கொண்டிருந்தன.

ஊர் திரும்பியபின் நீ கதவைச் சாத்தவில்லை. எதிர்மலையில் யானை இறங்கினால் வெளியே வந்து நிற்பாய். கூச்சலிடுகிற சுற்றுலாக்காரர்களிடம் போய், அதுக வழியில அதுக போகட்டும், சத்தம் போடாதீங்க என்பாய். ரெண்டு வருடம் அப்படி இருந்தாய். அப்புறம் வயிற்றில் வந்த நோய் உன்னை ஆறே வாரத்தில் கொண்டுபோய்விட்டது. மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு வந்தபோதெல்லாம் ஒன்றைச் சொல்ல நினைத்தேன், வெட்கம் தடுத்துவிட்டது.

கூட்டத்தில் கடைசியாக வந்த அந்தப் பெரிய பெண் யானை நம் சன்னலோரம் நின்றதே, அப்போது நான் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தேன், மதினி. அதன் மூச்சு மட்டும் கேட்டது. நீ என் கையைப் பிடித்தபடி, நானும் பார்க்கிறேன் என்ற நம்பிக்கையில், காதோடு சொல்லிக்கொண்டே இருந்தாய். இமை முடி ஈர்க்குச்சி கணக்கா நீளம். காதுக்குப் பின்னால் நரம்பு ஆலம்விழுது மாதிரி. கன்னத்தில் ஈரக்கோடு. காலிடுக்கில் குட்டி, அதற்குத் தும்பிக்கையை என்ன செய்வதென்று இன்னும் தெரியவில்லை.

இன்றைக்கும் லயத்தில் யார் கேட்டாலும் அந்த யானையைப் பற்றிச் சொல்கிறேன். இமை, நரம்பு, ஈரக்கோடு, குட்டி, ஒன்றுவிடாமல். வாய் பிளந்து கேட்கிறார்கள். நான் அதைப் பார்த்ததே இல்லை. நீ பார்த்துக் கொடுத்ததுதான் என்னிடம் இருக்கிறது, முழுசாக.