வலித்தது பல் இல்லை, அம்மா

என் உயிரான அம்மாவுக்கு,

உன் முதல் வருடத் திவசத்தன்று நானும் தங்கச்சி சாந்தியும் உன் படத்துக்கு முன்னால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம். நீ கவனித்திருப்பாய். ஏன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தாலும் பரவாயில்லை. நம் தோட்டத்து லயத்துப் பெண்கள் படித்தால் நல்லதுதான்.

திவசத்துக்கு முதல் நாள் கண்டியிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். வெலிமடை தாண்டியதும் சாந்தியின் புருஷன் ரவி எனக்குப் போன் எடுத்தான்.

"அக்கா, சாந்தி பதுளைக்குப் போயிருக்கா, பல்லு புடுங்க. வலி தாங்க முடியலயாம்."

"எந்தப் பக்கம்?"

"வலது பக்கம், கடவாப்பல்லு. காதுகிட்டயும் இழுக்குதுங்கிறா. வாயே சரியா தெறக்க மாட்டேங்குது."

உனக்கும் வலது பக்கம்தானே அம்மா? ஒவ்வொரு பல்லாக எடுத்துவிட்டு, பஞ்சைக் கடித்துக்கொண்டு பதுளையிலிருந்து நம் மடுல்சீமை பஸ்ஸில் வீடு திரும்புவாய். கொஞ்ச நாளில் அதே வலி. 'அடுத்த பல்லுலதான் இருக்கு போல' என்பாய். அந்தப் பற்களில் சொத்தை இருந்ததா என்று கேட்க வேண்டும் என்றுகூட நம் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. நெஞ்சுவலி வந்து நீ போன அன்று உன் வாயில் வலது பக்கம் மென்று தின்ன ஒரு பல்கூட இல்லை.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்பவர்களிடம் 'தாடைத் தண்ணி பாக்குறா' என்று சொல்லி வைத்திருந்தாய். கிட்டத்தட்ட சரிதான். காதுக்கு முன்னால், தாடையெலும்பு மண்டையோட்டோடு சேரும் மூட்டில் மெல்லிய வில்லை ஒன்று இருக்கிறது. அது வழுக்கி அசையக் கொஞ்சம் நீரும் இருக்கிறது. மூட்டு கெட்டுப்போனவர்களுக்கு டொக்டர்மார் அதை ஊசியால் கழுவும்போது, அவர்கள் சம்மதித்தால் அந்த நீரில் சில துளிகள் எங்கள் ஆய்வுகூடத்துக்கு வரும். அதில் எந்தப் புரதம் கூடியிருக்கிறது, எது உடைந்து கிடக்கிறது என்று பார்க்கிறோம். எந்த மூட்டு தானாக ஆறும், எது தேய்ந்துகொண்டே போகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா? அதுதான் எங்கள் கேள்வி. பலருடைய நீரை ஒப்பிட்டுக் கொஞ்சம் சொல்ல முடிகிறது. ஒருத்தரைக் காட்டி 'உனக்கு இதுதான்' என்று சொல்ல இன்னும் முடியாது.

அந்த 'முடியாது'தான் அன்றைக்கு வழி நெடுக என்னோடு வந்தது.

சாந்தியின் போன் அணைந்திருந்தது. மழைக்கு மண் சரிந்து, ரோட்டில் ஒரு பக்கமாகத்தான் வாகனங்களை விட்டார்கள். பஸ் நின்றது, நகர்ந்தது, மறுபடி நின்றது. இறங்கி ஓடலாமா என்றுகூட நினைத்தேன். எங்கே ஓடுவது? பதுளை பஸ் நிலையத்தில் இறங்கியதும் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, ரவி சொன்ன பல் டொக்டரின் அறைக்கு மாடி ஏறினேன். கதவைத் தட்டக்கூட இல்லை.

சாந்தி நாற்காலியில் சாய்ந்து கிடந்தாள். வாய் மரத்துப்போகப் போடும் விறைப்பூசி டொக்டரின் கையில் தயாராக இருந்தது.

"கொஞ்சம் பொறுங்க டொக்டர். நான் இவ அக்கா."

டொக்டர் என் வயதுப் பெண். கோபப்படவில்லை, ஊசியைத் தாழ்த்தினார். "நீங்களும் டொக்டரா?"

"இல்லைங்க. தாடை மூட்டுல ஆராய்ச்சி செய்றேன். புரதம் பாக்குறது."

"அப்ப இவங்களுக்கு மூட்டுலதான் பிரச்சினைன்னு நிச்சயமா சொல்வீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அந்த நிமிடமே எல்லாம் நின்றிருக்கும். "நிச்சயமா சொல்ல முடியாதுங்க. ஆனா எங்கம்மாவுக்கு இதே மாதிரி பல்ல எல்லாம் எடுத்தும் வலி போகல. எடுக்க முன்ன ஒருக்கா தட்டிப் பாருங்களேன்."

"அக்கா, சும்மா இரு!" சாந்தி பாதி திறந்த வாயோடு கத்தினாள். "நீங்க எடுங்க டொக்டர். எனக்கு வலி போனாப் போதும்."

டொக்டர் யோசித்தார். பிறகு கருவியின் காம்பால் அந்தப் பல்லைத் தட்டினார். சாந்தி அசையவில்லை. பக்கத்துப் பல்லையும் தட்டினார், ஒன்றுமில்லை. காதுக்கு முன்னால் விரலை வைத்து அழுத்தியதும் சாந்தி அலறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"நான் இன்னைக்கு எடுக்கல" என்றார் டொக்டர். "எக்ஸ்ரே எடுங்க. பெரியாஸ்பத்திரி ஸ்பெஷலிஸ்டுக்குக் கடிதம் தாறேன்."

வெளியே வந்ததும் சாந்தி என் கையை உதறினாள். "நீ எனக்காக ஓடி வந்தியா, ஒன் ஆராய்ச்சிக்காக ஓடி வந்தியா? நாளைக்கு என் காதுலயும் ஊசி குத்தித் தண்ணி எடுப்ப. அதானே?"

அப்படி ஒரு நினைப்பு எனக்கு இல்லை. அதைச் சொல்லுமுன் அவள் பஸ்ஸைத் தேடி முன்னால் நடந்துவிட்டாள். பசறை வழியாக வீடு சேரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள், உன் திவசத்தன்று, வலி கூடியது அம்மா. அதை உன்னிடம் மறைக்க முடியாது. உனக்குப் படைத்த சோற்றை அவளால் மெல்ல முடியவில்லை. "நேத்தே புடுங்கியிருந்தா முடிஞ்சிருக்கும்" என்றான் ரவி. ஒருவேளை பல்லின் வேரில்தான் ஏதாவது இருந்தால்? தெரியாததைத் தெரியாது என்று சொன்ன பிறகும் தடுத்தவள் நான்தானே?

எக்ஸ்ரேயில் பல் சுத்தமாக இருந்தது. பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வில்லை இடம் விலகியிருக்கிறது, தசையும் இறுகியிருக்கிறது என்றார்கள். தூங்கும்போது பல்லில் மாட்டிக்கொள்ளக் கவசம் ஒன்று செய்து கொடுத்தார்கள். ஒத்தடம், மென்மையான சாப்பாடு, வாய்க்குப் பயிற்சி. மூட்டைக் கழுவத் தேவைப்படவில்லை. முதல் வாரங்களில் சாந்தி கவசத்தைத் தூக்கி எறியாத நாளில்லை. நான் போன் எடுத்தால் ரவிதான் பேசுவான். அவள் பேச மாட்டாள்.

கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில்தான் அவள் இன்னும் வேலை செய்கிறாள். போன வாரம் அங்கிருந்து அவளே போன் எடுத்தாள். பின்னால் குழந்தைகளின் சத்தம்.

"அக்கா, இன்னைக்குக் கடலை தின்னேன். வலது பக்கம்."

"கடிச்சா?"

"கடிச்சுத்தான். காதுகிட்ட மூட்டுச் சத்தம் கேக்குது, ஆனா வலி இல்ல." ஒரு குழந்தையை அதட்டிவிட்டுத் தொடர்ந்தாள். "ஆனா ஊசி குத்த விடமாட்டேன், சொல்லிட்டேன்."

"வேணாம் சாந்தி. நான் கேக்கவே மாட்டேன்."

"அது இல்ல, இன்னொண்ணு. காலையில பெரட்டுல வேலைக்குப் பேரு குடுக்க நிக்கிறப்ப ரெண்டு பேரு காதுகிட்ட வலிங்கிறாங்க. பல்லு எடுக்கப் போறாங்களாம். ஒன்னக் கேக்கச் சொன்னாங்க. என்னான்னு சொல்லட்டும்?"

பதுளையில் அந்த டொக்டரிடமே போகச் சொன்னேன். பல்லைத் தட்டிப் பார்க்காமல், எக்ஸ்ரே எடுக்காமல் பல்லைப் புடுங்க விட வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். "நீயும் கூடப் போ" என்றேன். "போறேன்" என்றாள்.

அம்மா, உன் பற்களை என்னால் திருப்பித் தர முடியாது. எங்கள் கேள்விக்கு விடை எப்போது வரும் என்றும் தெரியாது. வருகிற அன்று அதை முதலில் மடுல்சீமைக்குக் கொண்டு வருவேன். அதுவரை, தெரிந்ததற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்ல மாட்டேன். தெரியாது என்பதற்காக வாசலில் நின்றுவிடவும் மாட்டேன்.

உன் மூத்த மகள்,
சாந்தியின் அக்கா,
மலர்